அஞ்சரைக் கட்டை

முதல் நாள், மதுரை

திருச்சியில் அம்மா வீட்டுக் கூடத்தில் அம்மாச்சியின் படம் ஒன்று மாட்டியிருக்கும். போன கார்த்திகையில் ஒட்டடை அடிக்கும்போது அது கீழே விழுந்து கண்ணாடி உடைந்தது. வேறு சட்டம் போடலாம் என்று பிரித்தேன். படத்துக்கும் பின் அட்டைக்கும் நடுவில் நாலாக மடித்த ரோஸ் நிறக் காகிதம். நாடக நோட்டீஸ். 1968, பங்குனி மாதம். ‘ஸ்ரீ வள்ளி திருமணம்’, இரவு 10 மணி. கீழே வரிசையாக ராஜபார்ட், நாரதர், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம். ஸ்திரீபார்ட்டுக்கு நேராகப் புதுக்கோட்டை என்று ஊர் போட்டு ஒரு பெண் பெயர். ஆர்மோனியத்துக்கு நேராக என் தாத்தா பெயர்.

எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தது வேறு. தாத்தா வியாபாரம், அம்மாச்சி வீட்டோடு. என்ன வியாபாரம் என்று சின்ன வயதில் கேட்டதற்கு “பெட்டி வியாபாரம்” என்று அம்மா சொன்னது ஞாபகம் இருக்கிறது. நாடகக்காரர்கள் ஆர்மோனியத்தைப் பெட்டி என்றுதான் சொல்வார்கள். ஆகவே தான் பொய் சொல்லவே இல்லை என்று இப்போது வாதாடுகிறாள்.

அம்மாவுக்கு 63 வயது. ஓய்வு பெற்ற ஆசிரியை. நோட்டீஸைக் காட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாடகமும் கூத்தும் நடக்கிற ஊர்களுக்கு ஒரு சுற்று போய்வரப்போகிறேன் என்றதும், “உனக்கு வேற வேலையே இல்லையா” என்றாள். மாசி முடியும்வரை பேச்சில்லை. பிறகு ஒருநாள் போனில், “நானும் வர்றேன். நீ தனியாப் போனா எங்கேயாவது எதையாவது உளறிட்டு வருவ” என்றாள். அப்படித்தான் இந்தப் பயணம். பங்குனியிலிருந்து வைகாசி வரை கோயில் கொடைகளும் திருவிழாக்களும் நெருக்கியடிக்கிற காலம், நாடகக்காரர்களுக்குத் தூக்கம் இல்லாத மாதங்கள்.

காலையில் முதல் வேலையாகத் தமுக்கம் பக்கம் போய்ச் சங்கரதாஸ் சுவாமிகள் சிலையைப் பார்த்தோம். இந்த மனிதரை விட்டுவிட்டு நாடகக் குடும்பங்களைப் பற்றிப் பேச வழியில்லை. 1867-ல் தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். ஆரம்பத்தில் அவரே வேஷம் கட்டினார். சனீஸ்வரன் வேஷத்தைக் கலைக்க விடியற்காலையில் நீர்நிலைக்குப் போனபோது, அவரைப் பார்த்த ஒரு பெண் பயந்து உயிரை விட்டதாகவும், அன்றோடு அரிதாரத்தை நிறுத்தியதாகவும் ஒரு கதை உண்டு. அதற்கப்புறம் எழுத்தும் பயிற்சியும்தான். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி என்று இன்றைக்கும் தென்மாவட்ட மேடைகளில் ராத்திரி ராத்திரி நடக்கிற நாடகங்கள் அவர் கட்டிக் கொடுத்தவை. 1918-ல் மதுரையில் சிறுவர்களை மட்டும் வைத்துத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். பாய்ஸ் கம்பெனி என்பார்களே, அந்த வகை. டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே சேர்ந்தபோது டி.கே. சண்முகத்துக்கு ஆறு வயது. அவர்களுடைய அப்பா கண்ணுசாமிப் பிள்ளை பெண் வேஷம் கட்டிய நடிகர். அந்த மகன் பிற்காலத்தில் ஔவையார் வேஷத்தால் ‘அவ்வை சண்முகம்’ என்றே ஆகிப்போனார். அப்பாவும் மகனும் பேர் வாங்கியது புடவை கட்டித்தான்.

அடுத்து நாடக நடிகர் சங்கம். சுவரெல்லாம் காலமானவர்களின் படங்கள். அம்மா உள்ளே வராமல் வாசலில் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே எண்பது வயதிருக்கும் ஆர்மோனியக்காரர் ஒருவர் நோட்டீஸை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, காகிதத்தை மூக்கருகே வைத்துப் படித்தார். தாத்தா பெயரில் விரலை வைத்தவர் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

“நீ யாரு தாயி?”

பேத்தி என்றேன். வாசலில் நிற்பது மகள் என்றேன்.

“பாப்பாவா? பெட்டிக்குப் பக்கத்துலயே படுத்துத் தூங்குமே, அந்தப் பாப்பாவா?”

அம்மா காதில் விழுந்திருக்க வேண்டும். தெருப்பக்கம் நகர்ந்து போய்விட்டாள்.

ஸ்பெஷல் நாடகம் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. இதில் கம்பெனி கிடையாது. ஊர்க்காரர்கள் ராஜபார்ட்டை ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட்டை வேறோர் ஊரிலிருந்தும் தனித்தனியாகப் பேசி முடித்து, தேதி குறித்து, நோட்டீஸ் அடிப்பார்கள். ஒத்திகை என்ற பேச்சே இல்லை. அன்று ராத்திரி மேடையில்தான் ஒருவரையொருவர் முதல்முறையாகப் பார்ப்பதுகூட உண்டு. கதை எல்லாருக்கும் பாடம், பாட்டுகளும் பாடம். மிச்சமெல்லாம் மேடையிலேயே எடுத்துக் கொடுத்துத் திருப்பி வாங்குவது. நாரதரும் வள்ளியும் தர்க்கம் பண்ணும் இடத்தில் ஒருவர் என்ன கேட்கப்போகிறார் என்று மற்றவருக்குத் தெரியாது. இந்த வேலையை வீட்டில் பார்த்து வளர்ந்த பிள்ளைதான் செய்ய முடியும் என்று பெரியவர் சொன்னார். கூடவே, “எம் பிள்ளைய நான் விடலை” என்றும் சொன்னார்.

ராத்திரி மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் வள்ளி திருமணம். அம்மாவைக் கெஞ்சிக் கூட்டிப்போனேன். பத்தே முக்காலுக்குப் பபூன் வந்தார், அப்புறம் டான்ஸ். அவர்கள் இருவருக்கும் நடக்கிற கேலியில் முன்வரிசைச் சிறுவர்களுக்கு ஒரு சிரிப்பு, பின்வரிசை ஆண்களுக்கு வேறொரு சிரிப்பு. அம்மா முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். வள்ளி வருவதற்கு முன்பே ஒன்றரை மணிக்கு விடுதிக்குத் திரும்பிவிட்டோம். எனக்குக் கோபம். அவளுக்கும்தான்.

இரண்டாம் நாள், புதுக்கோட்டை

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். அம்மா படித்துவிட்டு, “தலையில முந்தானையப் போட்டது பனிக்கு” என்கிறாள். மே மாதத்தில் பனி.

திருமயம் வழியாகப் பஸ். கோட்டை தெரிந்ததும் அம்மா கொஞ்சம் பேச ஆரம்பித்தாள். புதுக்கோட்டையில் அவர்கள் இருந்த வீடு இப்போது இல்லை, அங்கே செல்போன் கடையும் மேலே டியூஷன் சென்டரும் இருக்கின்றன. எதிர்வீடு மட்டும் அப்படியே இருக்கிறது. அந்த வீட்டுக்காரியைப் பற்றி ஒரு கதை சொன்னாள். அம்மாச்சி நாடகத்துக்குப் புறப்படும்போது சாதாரண நூல் புடவையில், கையில் ஒரு கூடையோடு, பஸ்ஸில் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வாளாம். மேக்கப் சாமான் கூடைக்கு அடியில், மேலே நாலு வெற்றிலைக் கவுளி. கேட்டால் சொந்தத்தில் கல்யாணம் என்று பதில். ஒருநாள் எதிர்வீட்டுக்காரி கேட்டே விட்டாளாம்: “ஏன் மதினி, ஒங்க சொந்தத்துல சித்திரையில மட்டும் பதினெட்டுக் கல்யாணமா?”

இதைச் சொல்லிவிட்டு அம்மா சிரித்தாள். பயணத்தில் முதல் சிரிப்பு.

புதுக்கோட்டைக்கும் மேடைக்கும் உள்ள தொடர்பு இன்றைக்கு வந்ததல்ல. பி.யு. சின்னப்பாவின் ‘பு’ இந்த ஊர், ‘உ’ அவருடைய அப்பா உலகநாதன். அந்த அப்பாவும் நாடக நடிகர்தான். மகன் சிறுவர் கம்பெனியில் வளர்ந்து, பிறகு சினிமாவுக்குப் போனார். ஆண் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு வழி இருந்தது. நடிகரின் மகன் நடிகர் என்றால் ஊர் அதை ஒரு தகுதியாகப் பார்த்தது. எம்.ஆர். ராதா வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள், பேரன் என்று எத்தனை பேர், சினிமாவிலும் அது ஒரு பெருமை. ஸ்திரீபார்ட்டின் மகள் ஸ்திரீபார்ட் என்றால் ஊர் என்ன சொல்லும் என்று எழுத வேண்டியதில்லை.

அம்மாச்சியோடு நடித்த ஒரு பெரியம்மா இருக்கிறார் என்று மதுரைப் பெரியவர் விவரம் கொடுத்திருந்தார். அவர் யார், எந்தத் தெரு என்று எழுதமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் உட்கார்ந்தேன். வயது எண்பதுக்கு மேல். தும்பைப்பூத் தலை, மூக்குத்தி மட்டும் அந்தக் காலத்துப் பெரிய மூக்குத்தி. மருமகள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போகும்வரை வெயிலைப் பற்றி மட்டும் பேசினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“பேரனுக்குத் தெரியாது. சாப்ட்வேர்ல இருக்கான். பொண்ணு பார்த்துட்டிருக்காக.”

“மருமகளுக்கு?”

“அவளுக்குத் தெரியும். அவளும் நாடகக்காரர் மகதான். அதனாலதான எடுத்தோம்.”

எனக்கு அது உடனே புரியவில்லை. அம்மாதான் தெருவில் வைத்து விளக்கினாள். வெளியே யாரும் பெண் கொடுக்கமாட்டார்கள், எடுக்கமாட்டார்கள். ஆகவே அவர்களுக்குள்ளேயே சம்பந்தம். சாதி வேறாக இருந்தாலும் மேடையில் ஒருவரையொருவர் அண்ணன், அக்கா, மாமா, மதினி என்று முறை வைத்துக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அந்த முறையே ஒரு சொந்தமாகிப்போனது. என் தாத்தாவும் அம்மாச்சியும் வேறு வேறு சாதி என்பதை இன்றைக்குத்தான், நாற்பது வயதில், ஒரு சர்பத் கடை வாசலில் தெரிந்துகொண்டேன்.

பெரியம்மா அம்மாச்சியைப் பற்றிச் சொன்னது இது. “ஒங்க அம்மாச்சிக்குக் குரல் அஞ்சரைக் கட்டை. மைக்கு மக்கர் பண்ணினா மத்தவளுக தொண்டையப் புடிச்சுக்குவாளுக, இவ நிறுத்தமாட்டா. தினைப்புனத்துல நின்னு ஆலோலம் பாடினா கடைசியில சுக்குக் காபி விக்கிறவன் காதுக்குப் போகும். கே.பி.எஸ். அம்மான்னா அவளுக்குச் சாமி மாதிரி.”

கட்டை என்று அவர் சொன்னது சுருதியை. ஆண்கள் ஒன்று, ஒன்றரைக் கட்டையில் பாடுவதும் பெண்கள் ஐந்து கட்டையில் பாடுவதும் கச்சேரிப் பழக்கம். மைக் வராத காலத்து நாடக மேடையில் அந்தக் கணக்கெல்லாம் செல்லாது. கடைசி வரிசைக்குக் கேட்காத குரலுக்கு அங்கே சோறு இல்லை. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் அப்படி மேலே ஏறிப் பாடிய தலைமுறை. செங்கோட்டைக் கிட்டப்பா 1933-ல் முப்பது வயது ஆகுமுன்பே போய்விட, சுந்தராம்பாள் வெள்ளைப் புடவைக்கு மாறி, ஆண்களோடு ஜோடி சேர்ந்து நடிப்பதையே விட்டுவிட்டார். பெரியம்மா இதைச் சொன்னபோது, “அந்த வெள்ளைச் சேலைதான் அவுகளுக்கு மரியாதையத் தந்துச்சு” என்றார். நான் அதை வெறும் சோகக் கதையாகவே கேட்டிருக்கிறேன். இப்படி ஒரு கணக்கு அதில் இருக்கும் என்று நினைத்ததில்லை.

கிளம்பும்போது அம்மாவின் கன்னத்தைத் தொட்டு, “ஒன்னைய ஆஸ்டல்ல போட்ட அன்னைக்கு ஒங்கம்மா நடிச்சது சாவித்திரி. எமன்கிட்ட அழுகுற எடத்துல சனமெல்லாம் அழுதுச்சு. நல்ல வசூலு” என்றார். போட்டோ எடுக்கக் கேட்டேன், வேண்டாம் என்றார். மூக்குத்தியை மட்டுமாவது எடுக்கவா என்றதற்குச் சிரித்துவிட்டு, அதற்கும் வேண்டாம் என்றார்.

மூன்றாம் நாள், தஞ்சாவூர்

எழுத ஒன்றும் இல்லை. எனக்கு வயிறு சரியில்லை. நாள் முழுக்க விடுதி, மோர், எலுமிச்சை. அம்மா தனியாகப் பெரிய கோயிலுக்குப் போய்விட்டு வந்து, வெயிலில் கால் சுட்டுவிட்டது என்றாள்.

ஒரு சின்ன விஷயம். நாடகத் தொழிலில் பெண்களே ஒரு கம்பெனியைக் கட்டி ஆண்ட காலமும் இருந்தது. கும்பகோணம் பாலாமணி அம்மாளின் கம்பெனியில் ஆண் வேஷத்தையும் பெண்களே கட்டினார்கள். அவர் நாடகம் பார்க்க வருகிறவர்களுக்காக ரயிலே விட்டார்கள் என்று அந்தக் காலத்தைப் பற்றி எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். படுத்துக்கொண்டே இதை அம்மாவிடம் சொன்னேன். “கடைசியில அவங்க என்னானாங்க?” என்று கேட்டாள். வறுமையில் போனதாகச் சொல்கிறார்கள் என்றேன். “ம்” என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நான்காம் நாள், மெலட்டூர்

தஞ்சாவூரிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள்தான். நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி இங்கே பாகவத மேளா நடக்கும். நாயக்க மன்னர் அச்சுதப்பர் 510 பிராமணக் குடும்பங்களுக்கு வீடும் கிணறும் நிலமும் கொடுத்துக் குடியேற்றிய ஊர் என்பார்கள். அந்தக் குடும்பங்களின் வாரிசுகள் வருஷத்துக்கு ஒருமுறை வரதராஜப் பெருமாள் சன்னதி முன்னால் வேஷம் கட்டுகிறார்கள். பாட்டும் வசனமும் தெலுங்கு. எழுதியவர் மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரி, தியாகராஜருக்கு மூத்த சமகாலத்தவர். பெண் வேஷமும் ஆண்களுக்கே.

திண்ணையில் பேசிக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் வெளியூரில் வேலை பார்க்கிறவர்கள், லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஒருவர் வங்கியில் மேனேஜர். முப்பது வருஷம் பெண் வேஷம் கட்டியவர், இப்போது மகன் கட்டுகிறான். “எங்க அப்பா கட்டின வேஷம், அவருக்கு முன்னாடி பெரியப்பா” என்று விரல் விட்டு எண்ணினார். அவ்வளவு இயல்பாக, ரேஷன் கார்டில் பெயர் சொல்கிற மாதிரி. நான் ஐந்து மாதமாக ஒரு நோட்டீஸை வைத்துக்கொண்டு துப்பறிந்துகொண்டிருக்கிறேன்.

நீங்கள் யார், எந்த ஊர் என்று அவர் கேட்டபோது அம்மா, “டீச்சர். ரிட்டயர்டு” என்றாள். அதோடு சரி.

ராத்திரி பத்துக்கு மேல் தொடங்கியது பிரஹ்லாத சரித்திரம். முதலில் கோணங்கி வந்து கோமாளித்தனம் பண்ணிவிட்டுப் போனான். அடுத்து யானைமுகம் கட்டிய சின்னப் பையன் கணபதியாக வந்து நாலு அடி ஆடினான். தூக்கம் கண்ணைச் சொக்குகிறது, முகமூடி ஒரு பக்கம் சரிகிறது, ஓரத்தில் நின்ற அவனுடைய அப்பா வாயசைத்து ஜதி சொல்லிக் கொடுக்கிறார். அந்த அப்பாவின் முகத்தை அம்மா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நரசிம்ம முகமூடி சாதாரண நாட்களில் கோயிலில் பூஜையில் இருப்பது. அதைக் கட்டுகிறவர் விரதம் இருக்கிறார். விடியும் நேரம் நெருங்கியதும் தூணிலிருந்து வெளிப்பட்டார். ஆவேசம் வந்து, நாலைந்து பேர் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. ஹிரண்யனுக்கும் அவருக்கும் நடுவில் எப்போதும் சில பேர் நின்றார்கள். வதம் என்று எதையும் காட்டுவதில்லை. கூட்டம் எழுந்து கும்பிட்டது. தெலுங்கு ஒரு வார்த்தை புரியாத நானும் எழுந்துவிட்டேன்.

இவ்வளவு நன்றாக இருந்ததை ரசித்துவிட்டு இதைச் சொல்வது நன்றாக இல்லைதான், ஆனாலும் எழுதிவிடுகிறேன். இங்கே பெண் வேஷம் கட்டுகிற ஆண் வங்கி மேனேஜராகவும் இருக்கலாம், அதனால் அவர் மகளுக்கு வரன் தட்டிப்போவதில்லை. கலை என்ற பேரும் பரம்பரை என்ற பேரும் சேர்ந்தே கிடைக்கின்றன. அதே பங்குனி, வைகாசியில், அதே மாதிரிக் கோயில் வாசலில், அதே ராத்திரி பத்து மணிக்கு வேஷம் கட்டிய என் அம்மாச்சி வெற்றிலைக்கு அடியில் அரிதாரத்தை ஒளித்தாள். கூலி வாங்கியதாலா, பெண்ணாக இருந்ததாலா, இரண்டும் சேர்ந்தா? அம்மாவிடம் கேட்டேன். “காலையில முத பஸ் எத்தனை மணிக்குன்னு பாரு” என்றாள்.

ஐந்தாம் நாள், புதுச்சேரி

கும்பகோணம், சிதம்பரம், கடலூர். பஸ்ஸிலேயே தூங்கி, பஸ்ஸிலேயே விழித்தோம்.

சங்கரதாஸ் சுவாமிகள் 1922 நவம்பர் 13-ல் இங்கே காலமானார். கடைசிக் காலத்தில் பக்கவாதம் வந்து முடங்கியிருந்தார். கருவடிக்குப்பத்தில் நினைவிடம். ஆட்டோக்காரர் சித்தானந்தர் கோயிலுக்குத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்து அங்கே இறக்கிவிட்டார், பிறகு விசாரித்துக்கொண்டு நடந்தோம். குருபூஜைக்கு நாடகக்காரர்கள் மாலையோடு வருகிற இடம் இன்று காலியாக இருந்தது, ஒரு நாய் நிழலில் படுத்திருந்தது. அம்மா கைப்பையிலிருந்து கற்பூரம் எடுத்தாள். திருச்சியிலிருந்தே எடுத்து வந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது.

மாலையில் கடற்கரை. சுண்டல்.

ஆறாம் நாள், செய்யாறு பக்கம்

திண்டிவனம், வந்தவாசி வழியாகச் செய்யாறு, அங்கிருந்து புரிசை. தெருக்கூத்துக்கு இந்தச் சின்ன ஊரின் பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது என்பதற்குக் காரணம் ஒரே குடும்பம். புரிசை துரைசாமி கண்ணப்பத் தம்பிரான் பரம்பரைத் தெருக்கூத்து மன்றம் என்பது அவர்கள் குழுவின் பெயர். மன்றத்தின் பெயரிலேயே பரம்பரை இருக்கிறது. 2003-ல் மறைந்த கண்ணப்பத் தம்பிரான் சங்கீத நாடக அகாதமி விருது பெற்றவர். ந. முத்துசாமி 1977-ல் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நவீன நாடகக் குழுவின் நடிகர்களுக்குப் புரிசைதான் பள்ளிக்கூடம். கண்ணப்பத் தம்பிரானின் மகன் சம்பந்தன் தம்பிரான் காலத்திலும் அது தொடர்ந்தது. அம்மா அந்த ‘பரம்பரை’யை மட்டும் வாய்விட்டு ஒருமுறை படித்தாள்.

ராத்திரி பக்கத்துக் கிராமம் ஒன்றில் திரௌபதி அம்மன் கோயில் பாரதம். வேறொரு குழு. இந்தப் பக்கத்தில் பகலெல்லாம் பாரதப் பிரசங்கம், ராத்திரி அதே கதை கூத்தாக. கடைசி நாள் படுகளம், மண்ணில் செய்து கிடத்திய துரியோதனன், திரௌபதி கூந்தல் முடிவது, அப்புறம் தீமிதி. இன்று துகிலுரிதல்.

வேஷம் கட்டுகிற கொட்டகைக்குப் போனோம். இந்தமுறை அம்மா எனக்கு முன்னால் போனாள். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்த கிரீடம், புஜக்கட்டை, மார்புக்கட்டை எல்லாம் சாக்கில் வரிசையாக. கட்டைக்கூத்து என்று பேர் வந்ததே இவற்றால்தான். பத்து வயதுப் பையன் ஒருவன் தன் சித்தப்பாவுக்குப் புஜக்கட்டையைக் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தான். முழங்காலை முதுகில் ஊன்றி இழுக்கிற இழுப்பில் பழக்கம் தெரிந்தது. “வலிக்குதுடா” என்றார் அவர். “வலிக்கலன்னா கழண்டுடும்” என்றான் அவன். பள்ளிக்கூடம் போகிறாயா என்று அம்மா கேட்டாள், டீச்சர் அல்லவா. போகிறானாம். கணக்கில் மட்டும் தகராறாம்.

நடுராத்திரிக்கு மேல் துரியோதனன் திரைக்குப் பின்னால் வந்தான். இரண்டு பேர் பிடித்த திரைக்கு மேலே கிரீடம் மட்டும் தெரிய, திரைக்குக் கீழே சலங்கைக்கால் மட்டும் ஆட, கட்டியங்காரன் நீங்கள் யார், எந்த நாடு என்று விசாரித்தான். அப்புறம் திரை விலகியது. தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் எல்லாம் ஒரே சமயத்தில் எழுந்து உட்கார்ந்தன.

துச்சாதனன் புடவையில் கை வைப்பதற்கு முன்னால் அம்மனுக்குக் கற்பூரம் காட்டினார்கள். அவனாக வேஷம் கட்டியவர் நடுங்கிக்கொண்டே கும்பிட்டுவிட்டுத்தான் இழுத்தார். திரௌபதி ஓர் ஆண். கண்ணா, கண்ணா என்று குரல் மேலே போய்க்கொண்டே இருந்தது. எனக்கு அது அலறலாகக் கேட்டது. அம்மா மடியில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

“அஞ்சு கட்டை” என்றாள்.

“என்னது?”

“அஞ்சு கட்டையில பாடுறாரு. பெட்டிக்காரர் இன்னும் அரைக் கட்டை ஏத்திக் குடுத்திருக்கலாம். இவருக்குத் தாங்கும்.”

ஏழாம் நாள், திரும்பும் வழி

வந்தவாசி பஸ் நிலையத்தில் டீ. அம்மா தானாகவே நோட்டீஸைக் கேட்டாள். பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கைக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பரீட்சைத்தாள் திருத்துகிற மாதிரி மேலிருந்து கீழே விரலை ஓட்டினாள். ராஜபார்ட் என்ற இடத்தில் விரல் நின்றது.

“இது தப்பு.”

“எது?”

“இவர் அன்னைக்கு வரவே இல்லை. வண்டி எங்கேயோ நின்னுபோச்சு. ஊர்க்காரங்க பணத்தத் திருப்பிக் கேட்டாங்க. அப்பா பெட்டிய மூடுறதுக்குப் போயிட்டாரு. அம்மாதான் நானே முருகன் கட்டுறேன்னு சொல்லுச்சு. டான்ஸ் ஆடின அக்காவுக்கு வள்ளி பாட்டெல்லாம் தெரியும், அதுக்குத் தன்னோட சேலையக் குடுத்துடுச்சு.”

“நீ எங்க இருந்தே?”

“பெட்டிக்குப் பக்கத்துல தூங்கிட்டிருந்தேன். எழுப்பி விட்டாங்க. கிழவன் வேஷத்துக்குத் தாடி இல்லை. திரி போடுறதுக்கு வெச்சிருந்த பஞ்ச நான்தான் பிச்சுப் பிச்சுக் குடுத்தேன், அம்மா பசை தடவி ஒட்டிக்குச்சு.” டீ கிளாஸைக் கீழே வைத்தாள். “பாதிப் பாட்டுல ஒரு பக்கம் பிரிஞ்சு தொங்குது. கூட்டம் சிரிக்குது. அம்மா அதப் புடுங்கி வள்ளி கையில குடுத்து, ‘இந்தா பொண்ணே, தினைக் கதிரு’ன்னுச்சு. விசில் நிக்கவே இல்லை.”

விழுப்புரம் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. கண்டக்டர் கூப்பிடக் கூப்பிட அம்மா பேனா கேட்டாள். கொடுத்தேன். ராஜபார்ட் பெயரைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு, பக்கத்தில் சின்ன எழுத்தில் அம்மாச்சியின் பெயரை எழுதினாள். நாடகப் பெயரை அல்ல, வீட்டுப் பெயரை. மை காயட்டும் என்று பஸ்ஸுக்குள் ஏறும்வரை காகிதத்தைக் காற்றில் பிடித்துக்கொண்டே வந்தாள்.